மூன்று கூண்டுகள்

சின்னங்கழி மீன் வளர்ப்போர் சங்கத்தின் செயற்குழுவில் பதினொரு பேர். கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் பதினொரு டம்ளரில் டீ வரும். பத்து டம்ளர் காலியாகும். பதினோராவது, கடைசி நாற்காலியில் வைத்திருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் ஆடை படிந்து ஆறிப்போகும். குடிக்காத ஆளுக்கு எதற்கு டீ என்று வெளியூர்க்காரர் யாராவது சிரித்தால், அன்றைக்கு அவருக்கும் டீ கிடைக்காது.

பதினோராவது உறுப்பினர் கழி. ஊரை ஒட்டிக் கிடக்கும் அந்த உப்பங்கழியேதான்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் கடற்கரை முழுக்க ஒரே சண்டை. பண்ணை வேண்டும், பிழைப்பு வேண்டும் என்று ஒரு கூட்டம். பண்ணை வந்தால் தண்ணீர் செத்துப்போகும் என்று இன்னொரு கூட்டம். மைக்கைப் பிடித்தால் இரண்டு தரப்பும் தண்ணீரின் சார்பாகத்தான் பேசின. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன யாரோ ஒருவர், தண்ணீரையே பேசவைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படி வந்ததுதான் கழியின் நடுவில் நிற்கும் எஃகுத் தூண். அதன் அடிப்பகுதி தண்ணீரில் கரைந்த காற்று, உப்பு, சூடு, சேறு கக்கும் வாயு, அடியில் ஊரும் உயிர்களின் சத்தம் எல்லாவற்றையும் ஓயாமல் உணரும். உள்ளே இருக்கும் இயந்திர மூளை அதையெல்லாம் சேர்த்து, தண்ணீருக்கு எப்படி இருக்கிறது என்று தூணிலும் சங்கத்துப் பெட்டியிலும் வாய்விட்டுச் சொல்லும். சங்கத்தில் அதற்கு ஒரு வாக்கு. அது 'வேண்டாம்' என்றால் மற்ற பத்துப் பேரும் கை தூக்கினாலும் செல்லாது. மேல்முறையீடும் கிடையாது.

மூளைக்குத் தமிழ் தெரியும், சின்னங்கழித் தமிழ் தெரியாது. அதனால் ஆரம்பத்தில் சங்கத்துப் பெண்கள் முறை வைத்துப் படகில் போய் அதனோடு பேச வேண்டும் என்று ஏற்பாடு. மற்றவர்கள் வெட்கப்பட்டு இரண்டு வார்த்தையோடு திரும்பினார்கள். தீவனக் குழுத் தலைவி அஞ்சலாட்சிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. புருஷன் கொச்சியில் விசைப்படகு வேலையில். மகன் தனவேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு ஒரு காது கிடைத்தால் விடுவாளா? மற்றவர்கள் முறையையும் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பேசினாள். கடைசியில் தூண் பேசத் தொடங்கியபோது அது அச்சு அசலாக அஞ்சலாட்சியின் பேச்சாக இருந்தது. அவளை 'அக்கா' என்று கூப்பிட்டது. ஊர் அதற்குக் கழியம்மா என்று பெயர் வைத்தது.

முதல் வருடம் கொடுவா மீன் கூண்டுகள் கொஞ்சம்தான் மிதந்தன. அந்த வருடக் கடைசியில் ஒரு கூட்டத்தில், பெட்டி சொன்னது:

"நெஞ்ச அடைக்குதுக்கா. மூணு கூண்டு கூடுதலாக் கெடக்கு. எடுத்துருங்க."

சங்கத் தலைவர் தெட்சிணாமூர்த்தி, அஞ்சலாட்சியின் அண்ணன், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மூன்று கூண்டு என்றால் மூன்று வீட்டுப் பிழைப்பு. அவரும் கெட்ட மனிதர் இல்லை.

"எடுக்கறத அப்பறம் பாப்போம். மொதல்ல ஒரு எட்டு போய் அதுக்கு ஒடம்புக்கு என்னன்னு பாத்துட்டு வாங்க," என்றார்.

போய்ப் பார்த்த பெண்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூணின் அடியெல்லாம், படகடியில் ஒட்டும் சிப்பி மாதிரியான கொட்டலசு அப்பிக் கிடந்தது. அறுந்த வலை ஒன்று கழுத்தில் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் பைகள். ஏதோ படகு மோதி ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது.

"பாவி மக்கா, இப்புடிக் கெடந்தா யாருக்குத்தான் நெஞ்ச அடைக்காது!" என்று அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

சுரண்டினார்கள், தேய்த்தார்கள், வலையை அறுத்தார்கள். மறுபடி எதுவும் வந்து ஒட்டக்கூடாது, மோதக்கூடாது என்று சிமெண்டுக் கிணற்று உறைகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய், தூணைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் இறக்கினார்கள். கொத்தனார் இடுக்கெல்லாம் சிமெண்டு குழைத்துப் பூசினார். உள்ளே கிடந்த கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, பெண்கள் முகத்துவாரத்துக்குப் போய் ஏற்றத்தில் வரும் கண்ணாடி போன்ற கடல்தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தூண் வாய் திறந்தது.

"இப்ப சொகமா இருக்குக்கா. மூச்சு நல்லா வருது."

படகில் நின்றபடியே பெண்கள் குலவை போட்டார்கள். அதோடு அந்த மூன்று கூண்டுப் பேச்சு போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் குடம் போனது. உறையில் மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், ஏறி நின்று ஊற்றப் பலகைப் படி கட்டினார்கள். தூணைப் பராமரிக்க நாகூரிலிருந்து வரும் பொறியாளர் தாஜுதீன் இதைப் பார்த்துச் சிரித்தார். படகு மோதாமல் இருக்குமே என்று அவருக்கும் நிம்மதி. ஒரு படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர்கள் அதை வருடக் காலண்டரில் போட்டு, கீழே 'மக்கள் பங்கேற்பு' என்று அச்சடித்தார்கள். அந்தக் காலண்டர் சங்க அலுவலகச் சுவரில் இன்னமும் தொங்குகிறது. எனக்கென்னவோ அதைக் கழற்றிவிடலாம் என்றுதான் தோன்றும்.

கழியம்மா அதன்பிறகு எந்தக் கூண்டையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எப்படி இருக்கே என்று கேட்டால், "அமைதியா இருக்குக்கா. ஒரு சத்தமும் இல்ல," என்னும். ஊருக்கு அதில் பெருமை வேறு.

கூண்டுகள் பெருகின. ஐஸ் கூடம் வந்தது, மீன் பிரிக்கும் கொட்டகை வந்தது. திருப்பூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் போன பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். தனவேலும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தீவனப் படகு அவன் பொறுப்பு. காலையில் அவன் மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டால்தான் அஞ்சலாட்சிக்குக் கஞ்சி இறங்கும். கூண்டுகளை இன்னும் ஒரு மடங்கு ஆக்குவதற்கான தீர்மானம் அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போகிறது. அது நிறைவேறினால் கொச்சியை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகப் புருஷன் போனில் சொல்லியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் அவளுக்குத் தனித்தனியாக ஞாபகம் இருந்தன, அவ்வளவு குறைவு.

அந்த வாரம் தாஜுதீன் பராமரிப்புக்கு வந்தார். அஞ்சலாட்சிதான் படகு வலித்தாள். கூண்டுகளைக் கடக்கும்போது அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"உக்காருங்க தம்பி, நான் எடுத்தாறேன்," என்று அவள் இறங்கினாள். சின்ன வயதில் இதே கழியில் கையால் தடவி இறால் பிடித்தவள். கழுத்தளவு நின்று, மூச்சைப் பிடித்துக் குனிந்து கை விட்டாள்.

சேறு வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அந்தக் காலத்தில் கை விட்டால் விரலிடுக்கில் இறால் துடிக்கும், நண்டு கவ்வும், கிளிஞ்சல் குத்தும். இப்போது ஒன்றுமே அசையவில்லை. ஸ்பானரோடு ஒரு பிடி சேறும் மேலே வந்தது. தார் போலக் கறுப்பு. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

படகில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தவளைத் தாஜுதீன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெட்டி ஏன்க்கா இப்புடிக் கறுத்துக் கெடக்கு?"

"அத ஏன் கேக்குறீங்க? கடைத்தெரு பத்தரு ஈயத்தக் கலந்து ஏமாத்திட்டாரு. ஊரே போய்ச் சண்ட போட்டு வேற ஜோடி வாங்கியாந்தோம். அதுவும் இப்புடித்தான் ஆயிருச்சு."

"ஊருல எல்லாருக்குமா?"

"கூண்டு வேலைக்கு எறங்குற எல்லாருக்கும்."

அவர் ஸ்பானரில் ஒட்டியிருந்த சேற்றை முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"பத்தரு மேல தப்பில்லக்கா. மீன் கழிவும் தின்னாம விழுந்த தீவனமும் அடியில கெடந்து மக்குனா ஒரு வாயு வரும். அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும். அதுதான் வெள்ளியக் கறுப்பாக்குறது. அது இந்த அளவுக்கு வந்துட்டா அடியில ஒரு உயிரும் தங்காது."

"அப்புடின்னா கழியம்மா சொல்லியிருக்குமே தம்பி? போன வெள்ளிக்கெழமகூட சொகமா இருக்குன்னுச்சே!"

தாஜுதீன் தூரத்தில் நின்ற மஞ்சள் பூசிய உறையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"அது எந்தத் தண்ணியில நிக்கிதுக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடமும் கழியைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தாங்கள் சுமந்துகொண்டுபோய் ஊற்றிய கடல்தண்ணீரையே அவர்கள் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அது எப்போதும் நலமாகத்தானே இருக்கும்.

"பாசத்துலதான தம்பி செஞ்சோம்," என்றாள். அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதா? நானும் சேந்து படம் புடிச்சவன்தானே. கெட்ட கணக்கு வந்தாத்தான் ஆபீசுல ஆள் அனுப்புவாங்க. நல்ல கணக்கா வந்துக்கிட்டே இருந்தா யாரு வந்து பாப்பா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எழுதித்தான் ஆகணும். எழுதுனா, ஊரே சேந்து தூண மூடி ஏமாத்துச்சுன்னு வழக்குப் போடுவாங்க. ஒங்க அண்ணன உள்ள வைப்பாங்க."

"எழுதாதீங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க. அது வாயாலயே சொல்லட்டும்."

அன்று சாயங்காலம் தனவேல் வலை பின்னிக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னாள். ஊசி நின்றது.

"யம்மா, நீயும் அந்த சாரும் வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"மீனுக்குத் தெரிஞ்சிரும்டா. ஒரு புழுக்கம் புடிச்சா மொத்தமாச் செத்து மெதக்கும்."

"மெதக்கட்டும். அதுவரைக்கும் இங்க இருக்கலாம்ல?" அவன் ஊசியைக் கீழே வைத்தான். "அங்க எப்புடி இருந்தேன்னு நீ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. பஞ்சுத் தூசியில தும்முனா மூக்குலேருந்து நூலு வரும்மா. ஒரு ரூம்புல எட்டுப் பேரு. இங்க வந்தப்பறந்தான் நான் மூச்சு விடறேன்."

அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எந்தத் தாய்க்குத்தான் அது காதில் விழாது? ஆனாலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

"அதுவும் அன்னைக்கு மூச்சு முட்டுதுன்னுதான்டா சொல்லிச்சு. நாமதான் வாயடைச்சோம். என்னைய அக்காங்குதுடா அது."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெண்கள் குடங்களோடு படகுகளில் கிளம்பினார்கள். மற்ற படகுகள் முகத்துவாரத்துக்குத் திரும்பின. அஞ்சலாட்சியின் படகு கூண்டுகளின் பக்கம் திரும்பியது. அவள் இறங்கி, குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடிக்குக் கொண்டுபோய், அங்கே திறந்தாள். நிரம்பிய குடத்தோடு வந்து உறையின் படியில் ஏறியபோது, மற்ற பெண்கள் தங்கள் குடங்களை ஊற்றி முடித்திருந்தார்கள். நாற்றம் முதலில் எட்டியது.

"என்ன அஞ்சல, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று யாரோ அலறினார்கள். அதற்குள் கறுப்புத் தண்ணீர் தூணின்மேல் வழிந்து உள்ளே இறங்கிவிட்டது. அவள் மறுபடி போய் மறுபடி மொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை, கிட்டே வர முடியாத நாற்றம்.

தூண் அவளுடைய குரலிலேயே, ஆனால் அவள் இதுவரை கேட்டிராத ஒரு பயத்தோடு கேட்டது:

"யக்கா, என்னக்கா ஊத்துறீங்க?"

"ஒன்னையத்தான்டி ஊத்துறேன்," என்றாள் அஞ்சலாட்சி.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து, மெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் தங்கள் கால்விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, குலவை போட்ட அதே பெண்கள் கடப்பாரை கேட்டார்கள். அஞ்சலாட்சியின் படகில் வந்திருந்த தாஜுதீன் உள்ளே இறங்கி மேல் உறையைப் பெயர்த்தார். மூடியிருந்த சுவர் சரிந்ததும் கழி உள்ளே பாய்ந்தது.

கூட்டத்தில் அன்று பதினொரு டம்ளரும் ஆறின. தெட்சிணாமூர்த்தி தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியைப் பார்த்து, "சொல்லும்மா," என்றார்.

"எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே. அடியெல்லாம் செத்துக் கெடக்கு."

"பாதி எடுத்தாப் போதுமா?"

"தாங்காதுண்ணே."

"கொஞ்சமாச்சும் விட்டு வைம்மா. புள்ளைங்க இப்பதான் வந்து சேந்திருக்குதுங்க." சங்கத் தலைவர் ஓர் ஒலிபெருக்கியிடம் கை கூப்பினார். அதைப் பார்க்க யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு கெடந்தாலும் தாங்காதுண்ணே," என்றது பெட்டி. அவரைவிட அதற்குத்தான் அதிக வருத்தம் என்பதுபோல இருந்தது. அது அஞ்சலாட்சியின் குரல் என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

தாஜுதீன் அறிக்கையில், உறை வைத்தது பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினார். ஊராரே உடைத்தார்கள் என்பதையும் எழுதினார். வழக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

மீன்களை வந்த விலைக்கு வாரிக்கொடுத்தார்கள். கூண்டுகளைக் கழற்றிக் கரையில் அடுக்கினார்கள். கடைசிக் கூண்டு வரை தனவேல்தான் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். அம்மாவிடம் அவன் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மனைவியோடு திருப்பூர் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து, "வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போம்மா," என்று மட்டும் சொன்னான். கொச்சியிலிருந்து புருஷன் போன் செய்து, இந்த வருஷமும் முடியாது போலிருக்கு என்றார். அவள் சரி என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் குடம் எடுக்காமல் கழிக்குப் போனாள். பழக்கம் விடவில்லை. கூண்டுகள் இல்லாத கழி, சாமான்களை ஏற்றிக்கொண்டுபோன பிறகு இருக்கும் வீடுபோல் கிடந்தது. உடைந்த உறையில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. கொண்டுவந்த டீயைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்புடி இருக்கே?"

"நாளாகும்க்கா. ஆனா இப்ப சத்தமெல்லாம் கேக்குது. நல்லா இருக்கு."

"என்ன சத்தம்?"

"ஏத்தம் வர்ற சத்தம். படகு சத்தம். ஒரு மோட்டாரு காலையில கெளம்பும், ரெண்டு தடவ இருமிட்டு. சுவரு விழுந்தப்பறந்தான் அத மொத தடவையாக் கேட்டேன். ரெண்டு மூணு வாரம் கேட்டுச்சு. இப்ப காணோமே?"

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனதில் பல நாளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு நீ மூணு கூண்டுன்னு சொன்னியே. அத மட்டும் எடுத்திருந்தா?"

கழி கணக்குப் போட வெகுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"மூணு போதும்க்கா," என்றது. "மத்ததெல்லாம் இருந்திருக்கும். அந்த மோட்டாரும்."